நாற்பதுக்கு நாற்பது

ஆவுடையப்பன் 1989-இல் சென்னையிலிருந்து கப்பலில் வந்து போர்ட் பிளேரில் இறங்கினார். கடையத்துக்காரர் ஒருவர் சாலை ஒப்பந்தத்துக்கு ஆள் சேர்த்து அழைத்து வந்த பதினான்கு பேரில் அவரும் ஒருவர். இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் பதின்மூன்று பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டால், "வரும்போது கப்பல்ல எடுத்த வாந்தி இன்னும் மறக்கலை" என்பார்.

ஜல்லி கொட்டினார், தார் காய்ச்சினார், குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினார். பள்ளம் வெட்டிய இடத்திலேயே தினக்கூலியாக ஒட்டிக்கொண்டு, பதினான்கு ஆண்டு காத்திருந்து நிரந்தரமானார். நடுவில் ஊருக்குப் போய் சுசீலாவைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தார். ஒரே மகள், அகிலா. பூகம்பமும் கடலும் சேர்ந்து வந்த அந்த டிசம்பரில் உடைந்த குழாய்களை ஒட்டுவதற்காக இருபத்தொரு நாள் வீட்டுக்கு வராமல் கிடந்தார்.

2012-இல் அவருக்கு வால்வு திறக்கும் வேலை கிடைத்தது. குன்றின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து இரண்டு குழாய்கள். மேட்டுப் பக்கக் குடியிருப்புகளுக்குப் போவது மேல் லைன். குட்வில் எஸ்டேட் பக்கம் இறங்குவது கீழ் லைன். ஆவுடையப்பன் வீடு கீழ் லைனில் இருந்தது.

முதல் மாதம் மேல் லைனை முதலில் திறந்தார். கீழே இருப்பவர்கள் தங்களுக்குத் தொட்டியின் அடித்தண்ணீர்தான், துருவோடு வருகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். மாற்றித் திறந்தார். மேலே இருப்பவர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு முறை கண்டுபிடித்தார். இரண்டு வால்வுகளும் ஒரே குழிக்குள் நான்கடி இடைவெளியில் இருந்தன. ஒவ்வொன்றும் பதினொரு சுற்று. இதில் ஒரு சுற்று, அதில் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றித் திறப்பார். மூடும்போதும் அப்படியே. மேலுக்கு நாற்பது நிமிடம் என்றால் கீழுக்கும் நாற்பது. மின்சாரம் இல்லாமல் தொட்டி நிரம்பாத நாளில் முப்பதுக்கு முப்பது. கோடையில் தண்ணீர் வற்றிய நாளில் இருபதுக்கு இருபது. கையில் ஒரு கடிகாரம், சட்டைப் பையில் ஒரு கடிகாரம். இரண்டும் ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று தினமும் சரிபார்ப்பார்.

தொட்டியின் வெளிச்சுவரில் சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு பலகை உண்டு. உள்ளே மிதவை இறங்கினால் வெளியே முள் நகரும். திறப்பதற்கு முன் ஒரு அளவு, மூடிய பின் ஒரு அளவு. தேதி, மேல் லைன் நிமிடம், கீழ் லைன் நிமிடம், மட்டம் எவ்வளவு இறங்கியது என்று நான்கு கட்டம் போட்டுப் பதிவேட்டில் எழுதிவிடுவார். மேட்டில் இருக்கும் வங்காளிப் பெண்களும் தெலுங்குப் பெண்களும் அவரைப் பானிவாலா, அதாவது தண்ணீர்க்காரர், என்றார்கள். அலுவலகத்தில் தமிழர்கள் அண்ணாச்சி என்றார்கள். பதினோரு ஆண்டு இப்படிப் போயிற்று.

2023 ஜனவரியில் கணக்கு மாறியது. அதுவரை நாற்பது நிமிடத்துக்கு நூற்றறுபது சென்டிமீட்டர் இறங்கிய மட்டம், இருநூறு இறங்கியது. ஆவுடையப்பன் அலுவலகத்தில் போய்ச் சொன்னார். மிதவை சிக்கியிருக்கும், பார்க்கலாம் என்றார்கள். யாரும் வந்து பார்க்கவில்லை. மோட்டார் ஓடி ஒரு முறைக்கு நூற்றறுபதுதான் நிரப்ப முடியும். ஆகவே அவர் நிமிடத்தைக் குறைத்தார். முப்பதுக்கு முப்பது. மட்டம் நூற்றைம்பது இறங்கியது.

மூன்று நாளுக்கு ஒரு முறை வரும் தண்ணீரில் பத்து நிமிடம் குறைந்தால் ஊர் சும்மா இருக்காது. மேல் லைனில் யோகராஜ் என்று ஒருவர் இருந்தார். கப்பல் டிக்கெட் கவுன்டரில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தை எங்கே கொடுத்தால் வேலை நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். கீழ் லைனில் சுசீலாவின் சித்தப்பா மகன் ஸ்ரீதர் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தான். யோகராஜ் இரண்டையும் சேர்த்து ஒரு மனு எழுதினார். தொட்டித் தண்ணீர் முன்னைப் போலவே செலவாகிறது, எங்களுக்கு மட்டும் வருவதில்லை. வால்வுக்காரர் மேல் லைனைப் பாதி திறந்து, கீழ் லைனில் சொந்தக்காரர் வீட்டுக் கட்டடத்துக்கு விடுகிறார்.

ஏப்ரலில் ஆவுடையப்பனுக்கு மெமோ வந்தது. பதிவேட்டில் நாற்பது நிமிடத்துக்கு நூற்றறுபது என்றும் இருக்கிறது, இருநூறு என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதால் பதிவுகள் பொய்யானவை எனக் கருதப்படுகிறது. ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் தெற்கே இருக்கும் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றல். ஓய்வுக்கு இரண்டரை ஆண்டு இருந்தது.

சுசீலா மகளுக்கு போன் செய்தாள். அகிலா அப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகள் பிரிவில் பொறியாளர். பத்து நாள் விடுப்பு போட்டு விமானம் ஏறினாள்.

அவள் வந்தபோது ஆவுடையப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "லீவு கெடச்சிட்டா?" என்றார். மெமோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுசீலாதான் ஆரம்பித்தாள்.

"இந்த மனுசன் நம்ம வீட்டுக்கு விட்டிருந்தா நான் எதுக்கு இந்தப் பாடு படுதேன்? பொங்கலுக்கு அப்புறம் ரெண்டாவது டிரம்மு நெறைய மாட்டேங்கு. கீழ இருக்கவளுவ எல்லாரும் என்னையத்தான் திட்டுதாளுவ, ஒம் புருசன் மேலதான் விடுதாருன்னு."

"முப்பது நிமிசத்துல அம்புட்டுதான் வரும்," என்றார் ஆவுடையப்பன்.

அகிலா பதிவேட்டைக் கேட்டாள். அலுவலகத்தில் ஒப்படைப்பதற்கு முன் அவர் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். அவள் ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"அப்பா, ஒரு நாள்கூட மேல ஒரு நேரம், கீழ ஒரு நேரம்னு விட்டதில்லையா?"

"என்னட்டி கேள்வி இது? விட்டிருந்தா என்னைய உசுரோட விட்டிருப்பாவளா?"

"அதான் பிரச்சினை."

அவர் கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கூட்டல் கழித்தலில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

"மேல் லைன் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சென்டி இழுக்குது, கீழ் லைன் எத்தனை இழுக்குது. இந்த ரெண்டும்தான் தெரியணும்," என்றாள் அகிலா. "முப்பது நிமிஷம் ரெண்டையும் திறந்தா நூத்தம்பது இறங்குது. அப்ப நிமிஷத்துக்கு ரெண்டும் சேர்ந்து அஞ்சு. இருபது நிமிஷம் திறந்த அன்னிக்கு நூறு. அதுவும் அஞ்சு. மேல ரெண்டரை, கீழ ரெண்டரையா இருக்கலாம். மேல ரெண்டு, கீழ மூணா இருக்கலாம். ஒண்ணும் நாலுமாவும் இருக்கலாம். எது போட்டாலும் பொருந்துது."

"இத்தனை பக்கம் எழுதி வச்சிருக்கனே."

"இத்தனை பக்கமும் ஒரே பக்கம்தான்பா. நாப்பதுக்கு நாப்பது, முப்பதுக்கு முப்பதுன்னு விட்டா, சொன்னதையே திரும்பச் சொல்றது மாதிரி. புதுசா ஒண்ணும் தெரியாது."

அவர் தாளைப் பார்த்தார். அவள் ஒரு நாள் பதிவுக்கு ஒரு கோடு வரைந்து, மற்ற நாள் பதிவுகளுக்கும் அதன்மேலேயே மறுபடி மறுபடி வரைந்து கனமாக்கியிருந்தாள்.

"மெமோல, பதிவு முரண்படுதுன்னு எழுதியிருக்கானே?"

"டிசம்பர் வரைக்கும் ரெண்டும் சேர்ந்து நாலு. ஜனவரியிலேருந்து அஞ்சு. ஒரே ரெண்டு எண் சேர்ந்து நாலாவும் இருந்து அஞ்சாவும் இருக்க முடியாது. அந்த ரெண்டையும் ஒண்ணா வச்சா பதிலே கிடையாது. அதை ஆபீஸ்ல நீங்க பொய் எழுதினதா எடுத்துக்கிட்டாங்க. அது அப்படி இல்ல. பழைய குழாய் வேற, இப்ப இருக்கிற குழாய் வேற. ஜனவரியில ஏதோ மாறியிருக்கு."

அவள் டிசம்பர் கணக்குக்காக முதல் கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடு வரைந்தாள். இரண்டும் தாளின் ஓரம் வரை போய் எங்கும் சேராமல் நின்றன.

ஆவுடையப்பன் யோசித்தார். "அப்போ எத்தனை பதில்தான் வரும்? ஒரு மூணு நாலுன்னாச்சும் சொல்லலாம்லா?"

"வராது. இந்த மாதிரிக் கணக்குல ஒண்ணு வரும். இல்ல, ஒண்ணுமே வராது. இல்ல, எண்ணி முடியாது. நடுவுல ரெண்டு, மூணுன்னு நிக்காது."

"ஏன் நிக்காது?"

"நீங்க மேல ரெண்டரை, கீழ ரெண்டரைங்கிறீங்க. யோகராஜ் சார் மனுப்படி மேல ஒண்ணரை, கீழ மூணரைன்னு வச்சுக்குவோம். ரெண்டும் பதிவேட்டுக்குப் பொருந்துது இல்லையா? ரெண்டு பதில் பொருந்தினா, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது எல்லாமே பொருந்தும். ரெண்டேகாலும் ரெண்டேமுக்காலும்கூட."

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது.

"இதை எழுதிக் கொடுத்தா போதும்பா. நீங்க தப்பு செஞ்சீங்கன்னு இந்தப் பதிவேட்டை வச்சு யாரும் நிரூபிக்க முடியாது."

"செய்யலைன்னு?"

"அதுவும் முடியாது."

சுசீலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆவுடையப்பன் மெமோவை நான்காக மடித்தார்.

"நீ என்ன நெனைக்கே?"

"நான் நெனைக்கிறது கணக்குல வராதுப்பா," என்றாள் அகிலா.

அவர் மெமோவைச் சட்டைப் பையில் கடிகாரத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அது சரியான பதில் இல்லை என்று அகிலாவுக்கு அன்றே தெரியும். சரியான பதில் ஒரே சொல் நீளம்தான். ஆனால் விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் ஸ்ரீதரின் புதுக் கட்டடத்தையும் அதன் முன்னால் விளிம்பு வரை நிறைந்து நின்ற சிமென்டுத் தொட்டியையும் அவள் பார்த்திருந்தாள். அதனால் அந்தச் சொல் வாயில் வரவில்லை.

மறுநாள் காலை இருவரும் அலுவலகம் போனார்கள். ஜூனியர் இன்ஜினியர் சந்திரமோகன் காரைக்குடிப் பையன், வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. யோகராஜும் மனு என்ன ஆயிற்று என்று கேட்க வந்து உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா இன்ஜினியரா?" என்றார் யோகராஜ். "நல்லது. அப்பா தண்ணி, பொண்ணு கணக்கு. எங்களுக்குத்தான் ரெண்டும் வரல."

சந்திரமோகன் காலண்டர் தாளை இரண்டு முறை பார்த்தார். அவருக்கு உடனே புரிந்தது. கொஞ்சம் வெட்கமும் வந்தது. "இது நாங்களே பார்த்திருக்கணும்," என்றார். "அப்ப ஒரே ஒரு நாள் ரெண்டு லைனுக்கும் வேற வேற நிமிஷம் விட்டா போதுமே, மேடம். ரெண்டாவது சமன்பாடு கிடைச்சிரும்."

"அதான் கேக்க வந்தேன். ஒண்ணுக்கு முப்பது, இன்னொண்ணுக்கு இருபது."

"முடியாது," என்றார் ஆவுடையப்பன்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"இந்தக் கோடையில பத்து நிமிசம் ஒரு பக்கம் வெட்டுனா அந்த வீட்டுக்காரங்க மூணு நாளைக்கு என்ன செய்வாவ? என் பேருக்காகவா அவங்க தண்ணி இல்லாம இருக்கணும்?"

"அண்ணாச்சி, இல்லன்னா நீங்க கார் நிக்கோபார்," என்றார் சந்திரமோகன்.

"அங்கயும் தண்ணி இருக்கும்."

"அங்கிருந்து வர்றப்ப மறுபடி கப்பல்தான், வாந்தி வரும்," என்றாள் அகிலா.

அவர் சிரிக்கவில்லை. "வெட்டுறதுன்னா கீழ் லைனை வெட்டுங்க. என் வீடு அங்கதான் இருக்கு. சரியானதும் அந்தப் பத்து நிமிசத்தை நான் திருப்பிக் குடுத்துருவேன். எழுதிக்கோங்க," என்றார்.

"என் கண் முன்னாடி நடக்கணும்," என்றார் யோகராஜ்.

"வாங்க. உங்க பக்கெட்டையும் கொண்டு வாங்க," என்றார் ஆவுடையப்பன்.

வியாழக்கிழமை தண்ணீர் விடும் நாள். தீவில் சூரியன் சீக்கிரம் எழுந்துவிடும், காலை ஐந்தரைக்கே நல்ல வெயில். சந்திரமோகன், யோகராஜ், அகிலா மூவரும் தொட்டியடியில் நின்றார்கள். ஆவுடையப்பன் குழிக்குள் இறங்கினார். இதில் ஒரு சுற்று, அதில் ஒரு சுற்று. இருபதாவது நிமிடத்தில் கீழ் லைனைத் தனியாக மூடினார். பதினோரு ஆண்டில் முதல் முறை. மூடிய பின் கையை வால்விலிருந்து எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார். முப்பதாவது நிமிடத்தில் மேல் லைனை மூடினார். யோகராஜ்தான் பலகையைப் படித்தார்.

"நூத்தி இருபது."

அகிலா எழுத வேண்டியிருக்கவில்லை. இரண்டுக்கும் முப்பது விட்டால் நூற்றைம்பது. கீழ் லைனில் பத்து நிமிடம் குறைத்தால் முப்பது குறைகிறது. அப்படியானால் கீழ் லைன் நிமிடத்துக்கு மூன்று. மேல் லைன் இரண்டு. வேறு எந்த எண்ணும் பொருந்தாது.

அவள் அதைச் சொன்னபோது குரல் சின்னதாக இருந்தது.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் யோகராஜ். "அளவு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். கீழ தான அதிகம் போகுது? எங்களுக்கு ரெண்டு, அவர் வீட்டுப் பக்கம் மூணு."

சந்திரமோகன் ஆவுடையப்பனைப் பார்த்தார். "அண்ணாச்சி, ரிசல்ட் உங்களுக்கு எதிரா இருக்கே."

ஆவுடையப்பன் குழியிலிருந்து ஏறி வந்தார். அவர் முகத்தில் மெமோ வந்ததிலிருந்து இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"எதிரா இருந்தா என்ன சார்? ஒரு பதில் வந்துட்டுல்லா," என்றார். "கீழ் லைன்ல அதிகம் இறங்குது. ஆனா கீழ ஒரு வீட்லயும் டிரம்மு நெறையல. என் வீட்டுக்காரி தெனமும் சொல்லுதா, நான்தான் காதுல வாங்கல. வீட்டுக்கும் வரல, தொட்டியிலயும் இல்லன்னா நடுவுல எங்கயோ போகுது."

"லீக்கா? லீக்னா யாராவது பாத்திருப்பாங்களே," என்றார் யோகராஜ்.

"யாரு பாத்திருப்பா? தண்ணி விடுத அரைமணி நேரமும் ஊரே குழாயடியில நிக்கும். நான் இங்க குழிக்குள்ள இருப்பேன். மூடுனதுக்கப்புறம் லைன்ல என்ன இருக்கும் பாக்கறதுக்கு?"

லைன் ஓடும்போது ஒருவர் அதன் கூடவே நடக்க வேண்டும். குழாய் எங்கே எந்த ஆழத்தில் போகிறது என்று தெரிந்தவர் ஆவுடையப்பன் ஒருவர்தான், பள்ளம் வெட்டியவர் அவர். ஆனால் அந்த நேரத்தில் அவர் வால்வில் இருந்தாக வேண்டும்.

"நான் திறக்கிறேன்," என்றாள் அகிலா.

சந்திரமோகன் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் கூட நிக்கிறேன். யாராவது கேட்டா நான் திறந்ததா இருக்கட்டும்," என்றார்.

அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை. ஆவுடையப்பன் சட்டைப் பைக் கடிகாரத்தை அகிலாவிடம் கொடுத்தார். ஒரு கம்பை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்.

அகிலா குழிக்குள் இறங்கினாள். சக்கரம் அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இதில் ஒன்று, அதில் ஒன்று. பதினொன்று முடிப்பதற்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது. மேலே வேலியோரம் ஒரு வங்காளிப் பெண் எட்டிப் பார்த்து, அவர் எங்கே போனார் என்று இந்தியில் கேட்டாள்.

"அரே, பானிவாலா கஹான் கயா?"

"பேட்டீ ஹூன்," என்றாள் அகிலா. அவருடைய மகள்.

"அச்சா. டைம் பூரா தேனா."

நேரம் முழுதாகக் கொடு. கொடுக்கிறேன் என்று அகிலா தலையை ஆட்டினாள்.

இருபத்தொன்றாவது நிமிடத்தில் போன் அடித்தது.

"ஏட்டி, கெடச்சிட்டு."

"எங்கப்பா?"

"சத்தத்தைக் கேளு."

அவர் போனை எங்கோ நீட்டினார். பெரிய மழையில் ஓடை போவது போன்ற சத்தம். சாலைக்கு அடியில் கீழ் லைன் திரும்பும் இடத்தில், மதகுக்குக் கீழே, பூகம்பத்துக்குப் பிறகு ஒட்டிய ஓர் இணைப்பு விட்டிருந்தது. தண்ணீர் நேராக வடிகாலில் விழுந்து அலையாத்திச் சேற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. மேலே புதர் மூடியிருந்தது. அந்த இணைப்பைப் பதினெட்டு ஆண்டுக்கு முன் ஒட்டியவர்களில் அவரும் ஒருவர். அதை அவரே பிறகு சந்திரமோகனிடம் சொல்லி விளக்கக் கடிதத்திலும் எழுதச் செய்தார்.

"மூடிரவாப்பா?"

"மூடாத. இன்னும் ஒம்போது நிமிசம் இருக்கு. மேல சனம் புடிச்சிட்டிருக்கும்."

அவள் ஒன்பது நிமிடம் நின்று, கடிகாரத்தைப் பார்த்து, இதில் ஒன்று அதில் ஒன்று என்று மூடினாள்.

இணைப்பை இரண்டு நாளில் மாற்றினார்கள். ஸ்ரீதரின் கட்டடத்துக்கு லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது என்பதும் அந்த இரண்டு நாளில் தானாகத் தெரிய வந்தது. அகிலா அதைக் கேட்டுவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

பழுது பார்த்த பின் முதல் முறை தண்ணீர் விட்டபோது நாற்பதுக்கு நாற்பது. மட்டம் நூற்றறுபது இறங்கியது. பழையபடி நிமிடத்துக்கு நான்கு. அதற்கு அடுத்த முறை, கீழ் லைனுக்குப் பட்ட பத்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள். மேலுக்கு முப்பத்தைந்து, கீழுக்கு நாற்பத்தைந்து. அகிலாவுக்கு அன்று மதியம் விமானம். இருந்தாலும் காலையில் போய் நின்றாள். மட்டம் அன்றும் நூற்றறுபதே இறங்கியது.

அகிலா பலகையை இன்னொரு முறை பார்த்தாள். ஐந்து நிமிடத்தை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து இன்னொரு பக்கம் வைத்தால் ஒன்றும் மாறவில்லை. மேல் லைன் இரண்டு, கீழ் லைன் இரண்டு. தொட்டி மட்டம் இறங்க இறங்க வேகம் சற்றுக் குறையும். குன்றின் உயரத்தோடு பார்த்தால் அது பெரிதில்லை. இணைப்பு விடுவதற்கு முந்தைய பதினோரு ஆண்டும் அவர் விட்டது இதே குழாய்களில்தான். சமமான நிமிடம், சமமான தண்ணீர்.

"ரெண்டும் ரெண்டும்பா," என்றாள்.

ஆவுடையப்பன் பதிவேட்டை எழுதி முடித்து மூடினார்.

"இப்ப கணக்குல வருதா?" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். அவள் சிரித்தாள். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

மெமோ ரத்தானது. யோகராஜ் வீட்டுக்கு வந்து சுசீலாவிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டு, மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் தொட்டியடிக்கு வந்து பலகையைப் படிப்பதை அவர் தன் வேலையாக்கிக்கொண்டார். பதிவேட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டுக் கையெழுத்தும் இட்டார். அவரை யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

ஆவுடையப்பனும் ஒன்றை மாற்றிக்கொண்டார். மாதத்தில் முதல் முறை தண்ணீர் விடும் நாளில் மேலுக்கு முப்பத்தைந்து, கீழுக்கு நாற்பத்தைந்து. அடுத்த முறை மாற்றி, மேலுக்கு நாற்பத்தைந்து, கீழுக்கு முப்பத்தைந்து. மற்ற நாளெல்லாம் பழையபடி. அடுத்த முறைக்கான நிமிடத்தை முன்கூட்டியே பென்சிலில் எழுதி வைப்பார். தண்ணீர் விட்ட பின் அதன்மேல் பேனாவால் எழுதுவார். அகிலா போனில் இதைக் கேட்டுவிட்டு, இவ்வளவு அடிக்கடி தேவையில்லை, வருடத்துக்கு ஒரு தரம் போதும் என்றாள்.

"இருக்கட்டும்," என்றார். "எனக்கு அப்புறம் வாரவன் பேர்ல எவனாச்சும் மனு எழுதுனா, பாக்கறதுக்கு ரெண்டு பக்கமாச்சும் வேற வேறயா இருக்கணும்."

இரண்டு ஆண்டு இப்படிப் போயிற்று. அதற்குள் போர்ட் பிளேருக்குப் பெயர் மாறியது. அவர் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்.

2025 மே மாதம் இரண்டாம் தேதி, மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. அகிலா மறுநாள் காலை விமானத்தில் வந்தாள். அன்று மாலையே தகனம் ஆயிற்று. அவர் கைக்கடிகாரத்தை ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சட்டைப் பைக் கடிகாரம் வீட்டில் ஆணியில் தொங்கியது. இரண்டும் ஒரே நேரம் காட்டின.

நான்காம் தேதி தண்ணீர் விடும் நாள். அகிலா ஐந்து மணிக்கு எழுந்து, சட்டைப் பைக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு குன்றேறினாள். வால்வுக் குழிக்கு அருகில் கௌதம் என்ற புதிய ஆள் நின்றிருந்தான். யோகராஜும் வந்திருந்தார்.

"நான் பாத்துக்கறேன் அக்கா," என்றான் கௌதம். "நாப்பதுக்கு நாப்பது விடச் சொல்லியிருக்காங்க."

"பதிவேட்டைப் பாத்துரலாம்," என்றாள் அகிலா.

மே ஒன்று: மேல் 35, கீழ் 45. இறக்கம் 160. பக்கத்தில் யோகராஜின் கையெழுத்து. அதற்குக் கீழே, மே நான்கு என்று எழுதி, பென்சிலில் மேல் 45, கீழ் 35.

கௌதம் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். யோகராஜ் தொண்டையைச் செருமினார்.

"எங்க லைனுக்குத்தாம்மா வரணும் அது. ஆனா இன்னிக்கு வேணாம். இருக்கட்டும். அவர் பேர்ல விட்டுருவோம்."

"அவர் எழுதி வச்சிருக்கார் சார்."

அகிலா கௌதமைப் பார்த்து, "இன்னிக்கு மட்டும் நான்," என்றாள். அவன் விலகி வழிவிட்டான்.

அவள் குழிக்குள் இறங்கினாள். இதில் ஒன்று, அதில் ஒன்று. பதினொன்று வரை. மேட்டில் வாளிகள் இடம் மாறும் சத்தம் கேட்டது. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் கீழ் லைனை மூடினாள். வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நடுவில் சுசீலாவும் குழாயடியில் ஒரு வாளி வைத்திருப்பாள். இன்று அவளுக்கு ஐந்து நிமிடம் குறைவு. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் மேல் லைனை மூடினாள். கடைசிச் சுற்றில் சக்கரம் இறுகி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யோகராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

"நூத்தி அறுபது."

அகிலா பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுதினாள். நாற்பத்தைந்து, முப்பத்தைந்து, நூற்றறுபது. யோகராஜ் கையெழுத்துப் போட்டார். அடுத்த முறை ஏழாம் தேதி. அதற்கான கட்டத்தில் அவள் பென்சிலால் நாற்பது, நாற்பது என்று எழுதிப் பதிவேட்டைக் கௌதமிடம் கொடுத்தாள்.